சதவீதம் சொல்லி வாயடைப்பவரிடம் என்ன கேட்பது?

விவாதத்தில் ஒருவர் ஒரு சதவீதத்தை எடுத்துவிட்டால் எதிரே இருப்பவர் கப்சிப். கணக்கெடுப்புப் படிவம் நிரப்பியே காலம் தள்ளியவன் நான். எனக்கு அந்தப் பயபக்தி வருவதில்லை. உங்களுக்கும் வர வேண்டியதில்லை.

முதலில், யாரை எண்ணினார்கள் என்று கேளுங்கள். ‘வேலையின்மை குறைந்துவிட்டது’ என்பார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர். சரி, வேலை தேடித் தேடி அலுத்து, தேடுவதையே விட்டவர்? அவர் வேலையற்றோர் கணக்கிலும் வரமாட்டார். இப்படி மனம் விட்டுப்போனவர்கள் பெருகினாலும் வேலையின்மை விகிதம் இறங்கும். யாரும் பொய் சொல்லவில்லை, படிவம் அப்படி. ஆகவே, உழைக்கும் வயதினரில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் அதே அறிக்கையில்தான் இருக்கும். மேடைக்கு மட்டும் வராது.

‘இரு மடங்கு’ என்றால் இன்னும் உஷார். 1995இல் பிரிட்டனில், சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால், பழைய வகை மாத்திரைகளைவிட, ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் சுமார் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆனது, அவ்வளவே. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். மறு ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. இத்தனைக்கும், கர்ப்பகாலத்தில் அதே ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். யாராவது மடங்குக் கணக்கு சொன்னால், எத்தனையிலிருந்து எத்தனை ஆயிற்று என்று கேளுங்கள்.

சராசரி வருமானம் சொன்னால் இடைநிலை வருமானத்தை, அதாவது எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் வருமானத்தை, கேட்டுவிட்டு நகருங்கள். அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்களே.

மொத்தக் கணக்கைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35. துறைவாரியாகப் பிரித்தால் பெரும்பாலான துறைகளில் அந்தப் பாகுபாடு தெரியவில்லை. இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். ஏன் அப்படி விண்ணப்பித்தார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் பதில் கிடையாது. கொள்கை பேசுகிறவர்கள் பேச வேண்டியது அதைத்தான்.

பதில் வராவிட்டால் மூல அட்டவணையைக் கேட்டு வாங்கி, அடிக்குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். வரையறை எந்த ஆண்டில் மாறியது என்பது அங்கேதான் பொடி எழுத்தில் கிடக்கும்.