தோளுக்கும் காதுக்கும் நடுவே: மசில் பிரேக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

ரைஃபிளின் குழல்முனையில் பொருத்தப்படும் மசில் பிரேக், குண்டைத் தொடர்ந்து வெளியேறும் வாயுவைத் தன் துளைகள் வழியே பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பித் தோளில் விழும் உதையைக் குறைக்கிறது. ஆனால் அதே வாயு சுடுபவரின் காதை நோக்கியும் ஓசையைத் தள்ளுகிறது. பிரேக் இல்லாமலேயே பெரும்பாலான ரைஃபிள்களின் ஓசை 140 டெசிபலைத் தாண்டிவிடுவதால், காதுச்செருகியோடு காதுமூடியையும் சேர்த்தே அணிய வேண்டும்.

வேலூரைப் போலப் பாறைக்குன்றுகள் சூழ்ந்த ஊரில், எதிரொலியையும் பக்கத்தில் படுத்துச் சுடுபவரையும் கருதி, பின்னோக்கிச் சாய்ந்த துளைகளைவிட நேர்ப்பக்கத் துளைகள் கொண்ட பிரேக்கையே நான் பரிந்துரைப்பேன். உதை சற்றுக் கூடினாலும் பொறுத்துக்கொள்ளலாம். கீழ்ப்புறத் துளைகள் கோடைப் புழுதியைக் கிளப்பி இலக்கை மறைக்கும். பாயிண்ட் 22 எனப்படும் சிறுகுண்டு ரைஃபிளுக்குப் பிரேக்கே தேவையில்லை. பொருத்தும் வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுத்து, பிரேக்கில் குண்டு செல்லும் துளையின் மையம் குழலோடு ஒத்திருக்கிறதா எனச் சரிபார்த்து, குறியைப் புதிதாக அமைத்துக்கொள்ளவும்.