பூட்ஸில் ஓட்டை இல்லை, ஈரம் மேலிருந்து வந்தது

ஃப்ளோரிடாவில் காட்டுப்பன்றி வேட்டைக்காக 17 அங்குல உயரமுள்ள, பாம்புப் பல் இறங்காத பூட்ஸ் வாங்கினேன். பால்மெட்டோ புதருக்குள் டைமண்ட்பேக் கிலுகிலுப்பை விரியன், சதுப்போரம் நச்சுப் பாம்பான காட்டன்மவுத் என்று இருக்கும் காடு. உயரத்தைக் குறைக்க முடியாது. ஆனால் இரண்டே மணி நேரத்தில் கால் நனைந்துவிடும். தையலுக்கு மெழுகு, ஸ்ப்ரே, புது இன்சோல், எதிலும் பலனில்லை. ரப்பர் பூட்ஸுக்கு மாறினால் வியர்வையிலேயே கால் ஊறியது.

கடைசியில் பழைய பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்து, தண்ணீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் நிறுத்தினேன். தாள் மொறுமொறுவென்றே இருந்தது. சரி, ஓட்டை இல்லை. அடுத்த நாள் காலுறையைக் கழற்றியபோது பாதத்தைவிடக் கெண்டைக்கால் பக்கம்தான் அதிக ஈரம். உள்ளே செருகிய பேன்ட் துணி, புல்லிலிருந்த பனியை விளக்குத் திரிபோல உறிஞ்சி இறக்கியிருக்கிறது!

பேன்டை வெளியே விட்டேன். பருத்திக்குப் பதில் மெல்லிய கம்பளிக் காலுறை. நேற்று ஐந்து மணி நேரம் நடந்தும் பாதம் நனையவில்லை. அப்பாடா.