மூலம் என்று நாமே முடிவு கட்டலாமா? பெருங்குடல் புற்றுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே புற்றாக மாறுகின்றன. அந்த இடைவெளியில் பாலிப்பைக் கண்டு அகற்றிவிட்டால், அது புற்றாக மாறாமல் தடுத்துவிடலாம். இவ்வளவு அவகாசம் தரும் நோயாக இருந்தும், 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் இதனால் இறந்தனர்.

முதல் தவறு பெரும்பாலும் வீட்டிலேயே நடந்துவிடுகிறது. மலத்தில் இரத்தம் கண்டவுடன் அதற்கு மூலம் என்று பெயர் சூட்டி, காரத்தைக் குறைத்து, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசி, சில நாள் இரத்தம் நின்றதும் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் மூலம், பவுத்திரம் விளம்பரங்களும் இந்த முடிவுக்குத் துணைபோகின்றன. புற்றுக் கட்டியிலிருந்து வரும் கசிவும் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், இரத்தம் நின்றதை ஆறுதலாகக் கொள்ள முடியாது; உண்மையிலேயே மூலம் உள்ளவருக்கும் சற்று மேலே கட்டி இருக்கலாம். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை மருத்துவர் கையுறை அணிந்த விரலால் தொட்டே அறிய முடிவதுண்டு. ஒரு நிமிடம் எடுக்கும் அந்தச் சோதனையைக் கூச்சத்தால் மறுப்பதும், மருத்துவரே அதைச் செய்யாமல் மூல மாத்திரை எழுதித் தருவதும் ஒரே அளவுக்குத் தவறு.

கண்ணுக்குத் தெரியாத கசிவு இரத்தசோகையாக வெளிப்படும். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால், காரணம் தேடாமல் மாத்திரை மட்டும் விழுங்குவது ஆபத்தானது. பல வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருப்பதையும் இதே கவனத்துடன் பார்க்க வேண்டும்.

அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருப்பது அடுத்த தவறு. பாலிப்புகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அமெரிக்காவில் 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தனர். இந்தியாவில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றை மட்டுமே மையமாகக் கொண்டிருப்பதால், குடலைப் பற்றி நாமாகத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனையை வீட்டிலேயே மாதிரி எடுத்துச் செய்துகொள்ளலாம். அதில் இரத்தம் இருப்பதாக வந்தால் அடுத்த படி, கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோபிதான். இல்லை என்று வரும்வரை அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துபார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் சேர்க்கப்படும், புற்று இருந்தால் உயரக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஇஏ என்ற இரத்தப் பரிசோதனையும் இதற்கு மாற்றாகாது. தொடக்க நிலைப் புற்றிலும் அது இயல்பாக இருக்கலாம். புற்றே இல்லாத புகைபிடிப்பவரிடம் உயர்ந்தும் இருக்கலாம்.

கொலனோஸ்கோபிக்கு முன் தரப்படும் பேதி மருந்தைக் குமட்டலால் பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. குடல் சுத்தமாகாவிட்டால் சிறு பாலிப்புகள் கண்ணில் படாமல் போகும். அந்தப் பரிசோதனைக்குச் செலவழித்த பணமும் பட்ட சிரமமும் வீண்.

உணவைப் பொறுத்தவரை, சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் வகைப்படுத்தியது. மதுவும் புகையும் உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் சைவ உணவு உண்பவர் தமக்கு இந்நோய் வராது என்று எண்ணிவிடக் கூடாது.

குடும்பத்தில் ஒருவருக்கு வந்த நோயை உறவினரிடமிருந்து மறைப்பது நம்மிடையே பரவலாக உள்ள வழக்கம். பெண் கொடுக்கல் வாங்கலில் தடை வரும் என்ற அச்சமே பெரும்பாலும் இதற்குக் காரணம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவோ, இவற்றில் எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோபி தொடங்குவது மருத்துவ நடைமுறை. 45 வயதில் நோய் வந்த அண்ணனின் தம்பி 35இலேயே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதால், நோயின் பெயரோடு அது கண்டறியப்பட்ட வயதையும் அண்ணன் அவரிடம் சொல்லியாக வேண்டும்.