மஞ்சள் படிகம் வேண்டுமா? முதலில் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள்

கடலூரில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 18 வருடமாகக் கரைசல் கலக்கிக் கொடுக்கிறேன். டைபென்சால் அசிட்டோன் என்ற மஞ்சள் படிகம் தயாரிக்கும் நாள் வந்தால், நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அதன் மூலப்பொருளான பென்சால்டிஹைடு பாட்டிலைத்தான். கழுத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால், காற்று பட்டு அதில் கொஞ்சம் பென்சாயிக் அமிலமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு வருடம் இதைக் கவனிக்காமல் அளந்து கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பாதிப் பேரின் பீக்கரில் பிசுபிசுவென்று ஒட்டும் எண்ணெய்தான். தப்பு என்னுடையது, திட்டு பிள்ளைகளுக்கு. இப்போதெல்லாம் பழைய பாட்டிலில் இருக்கும் பென்சால்டிஹைடை சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தித்தான் கொடுக்கிறேன்.

சரி, செய்முறை. 5 கிராம் காஸ்டிக் சோடாவை 50 மில்லி தண்ணீரில் கரையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நன்றாகச் சுடும். ஆறியதும் 40 மில்லி எத்தனால் சேருங்கள். இந்தக் கலவை 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏப்ரலில் எங்கள் குழாய்த் தண்ணீரே அதைத் தாண்டிவிடும் என்பதால், முதுநகர் துறைமுகத்தில் மீனுக்கு உடைக்கிற ஐஸைத்தான் வாளியில் வாங்கி வருவோம். ஆய்வகத்தில் கொஞ்சம் மீன் வாடை வரும், அதனால் வினைக்கு ஒன்றும் ஆகாது.

தனிக் குடுவையில் 5.1 மில்லி பென்சால்டிஹைடும் 1.8 மில்லி அசிட்டோனும் கலந்து, அதில் பாதியை மட்டும் காஸ்டிக் சோடா கலவையில் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கலங்கி, மஞ்சள் பஞ்சு மாதிரி திரளும். 15 நிமிடம் கழித்து மீதியை ஊற்றி, இன்னும் அரை மணி நேரம் கலக்குங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? அசிட்டோனின் ஆல்ஃபா ஹைட்ரஜன் ஒன்றை, அதாவது கார்பனைலுக்கு (C=O) அடுத்த கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனை, காரமான காஸ்டிக் சோடா பிடுங்குகிறது. மிஞ்சும் எதிரயனி பென்சால்டிஹைடின் கார்பனைல் கார்பனைப் போய்ப் பிடிக்கிறது. அப்புறம் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று இரட்டைப் பிணைப்பு உருவாகும். அது பென்சீன் வளையத்தோடும் கார்பனைலோடும் தொடர்ந்து நிற்பதால் நிலையானது. பென்சால்டிஹைடுக்கு ஆல்ஃபா ஹைட்ரஜன் கிடையாது, அதனால் தனக்குத்தானே இப்படிச் சேர முடியாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தவறாமல் வரும் கேள்வி இது. இதுதான் கிளெய்சன்–ஷ்மிட் குறுக்கம்.

அசிட்டோனுக்கு இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் உண்டு. ஒரு பக்கம் மட்டும் சேர்ந்தால் பென்சால் அசிட்டோன். சுமார் 41 டிகிரியிலேயே உருகிவிடும், வெயில் காலத்தில் லேசில் திடமாகாது. இரண்டு பக்கமும் சேர்ந்த டைபென்சால் அசிட்டோனோ ஆல்கஹால்-நீரில் கரையாமல் கீழே விழுந்துவிடும். அதனால்தான் பென்சால்டிஹைடு இரண்டுக்கு அசிட்டோன் ஒன்று என்ற மோல் (மூலக்கூறு எண்ணிக்கை) கணக்கு. அசிட்டோன் ஒரு சொட்டு கூடினாலும் எண்ணெய்ப் பக்கம் சாயும். அமிலமாகிப்போன பென்சால்டிஹைடு செய்ததும் அதேதான்: ஆல்டிஹைடு குறைந்து, அசிட்டோன் மிஞ்சிவிட்டது.

வடிகட்டி, கழுவிய தண்ணீரில் காரம் தெரியாமல் போகும் வரை கழுவுங்கள். காரம் தங்கினால் மறுபடிகமாக்கும்போது கெடுத்துவிடும். காய்ந்ததும் கிராமுக்கு இரண்டரை மில்லி எத்தில் அசிடேட் கணக்கில், வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கரைத்து ஆறவிடுங்கள். நெருப்பு பக்கத்தில் வேண்டாம். கணக்குப்படி அதிகபட்சம் 5.86 கிராம் வர வேண்டும். ஆறு கிராம் என்று எழுதிக் கொண்டுவருபவரிடம், இன்னும் காயவில்லை, போய்க் காற்றில் வை என்பேன். உருகுநிலை 110-111 டிகிரி காட்டினால் நோட்டில் கையெழுத்து.