மதிப்பெண் பட்டியல் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு: வெளிநாட்டு விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

சென்ற டிசம்பரில் தேவகோட்டையிலிருந்து ஒருவர் மகளோடு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை. உள்ளே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பள்ளி எழுதித் தந்த டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல ஆண்டு மதிப்பெண்களின் தொகுப்பு. ஒட்டிய வாயின்மேல் பள்ளி முத்திரை, அதற்குக் குறுக்கே தலைமை ஆசிரியரின் கையெழுத்து. ஆனால் முத்திரை நட்டநடுவே கிழிந்திருந்தது. “மதிப்பெண் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பிரித்துப் பார்த்தேன் சார். பசை தடவித் திரும்ப ஒட்டிவிட்டேன், தெரியவே தெரியாது” என்றார். அந்தப் பெண் முகப்புத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளி அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் நான். இந்த ஒட்டுவேலையை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. உறைக்குள் இருக்கும் தாள் மாறவில்லைதான். ஆனால் அது அதிகாரப்பூர்வமான ஆவணமாக இருந்தது அவர் பிரிக்கும் வரைதான். பல்கலைக்கழகம் தாளை மட்டும் பார்ப்பதில்லை, அது வந்த வழியையும் பார்க்கிறது. பள்ளியிலிருந்து விண்ணப்பதாரரின் கை உள்ளே படாமல் வந்தால் அதிகாரப்பூர்வமானது. பள்ளி மூடிய உறை இல்லாமல் மாணவரே அனுப்பினால், அசலையே வைத்து அனுப்பினாலும், அது மாணவர் தந்த நகல்தான்.

நகரத்தார் கல்யாணம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி என அவர்களின் பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயில்களில், அவரவர் கோயிலிலிருந்து கல்யாணத்துக்கு மாலை வரவேண்டும். அதே பூவைச் சந்தையில் வாங்கி, அதைவிட அழகாகக் கட்டினாலும் அது கோயில் மாலை ஆகிவிடாது.

உள்ளே இருப்பதைப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பில்லை. உறையை மூடுவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு ஒரு படி வாங்கி, பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். பிறகு மூடச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் சான்றொப்பம். நோட்டரியிடம் முத்திரை வாங்கி வந்து, இனி இது அதிகாரப்பூர்வமானது என்று நம்புகிறவர்கள் பலர். நகல் அசலோடு ஒத்துப்போகிறது என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை சாட்சி. பள்ளி அனுப்பியது என்று அது சொல்லாது. சில பல்கலைக்கழகங்கள் சான்றொப்பமிட்ட நகலையும் ஏற்கும். எது வேண்டும் என்று அவர்கள் அறிவிப்பில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

அடுத்தது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையே டிரான்ஸ்கிரிப்ட் என்று நினைப்பது. பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருவது, ஒரு தேர்வுக்கு உரியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுக் கதை. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பள்ளியின் பதிவேட்டில்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பள்ளிதான் எழுதித் தரவேண்டும். பாடத்துக்கு 100, தேர்ச்சிக்கு 35 என்ற ஒரு வரியும் அந்தத் தாளில் இருக்கட்டும். அங்கே பல பள்ளிகளில் 60-க்குக் கீழே போனாலே தோல்வி. நம் ஊர் 72 அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். அதற்காக நீங்களே நான்கு புள்ளி ஜி.பி.ஏ.வாக (அமெரிக்காவில் வழங்கும் சராசரி மதிப்பெண் அளவு) மாற்றிப் போடாதீர்கள். பள்ளி எந்த அளவில் மதிப்பெண் தந்ததோ அப்படியே இருக்கட்டும்.

பெயர் விஷயம் செட்டிநாட்டுக்கே உரிய தலைவலி. பள்ளிப் பதிவேட்டில் மூன்று எழுத்து விலாசத்தோடு (இங்கே இனிஷியலைத்தான் அப்படிச் சொல்வோம்) ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து இன்னொரு பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, இரண்டும் ஒருவரே என்று பள்ளியின் தலைப்புத்தாளில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. தலைமை ஆசிரியருக்குக் கணினி பழக்கமில்லை என்று, அவர் பெயரில் தாங்களே ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அதிலிருந்து டிரான்ஸ்கிரிப்டை விண்ணப்பத் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். சில முகவர்களே இதைச் செய்து கொடுக்கிறார்கள். மதிப்பெண் அத்தனையும் உண்மையாக இருந்தாலும் இது ஆள்மாறாட்டம். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் இடம் பறிபோகலாம். தலைமை ஆசிரியர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, அவர் கையாலேயே ஏற்றவைப்பது அவ்வளவு கடினமா?

தேவையில்லாத இடத்தில் அதிகாரப்பூர்வ ஆவணத்துக்கு அலைவதும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளநிலைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண்களை மாணவரே நிரப்பினால் போதும். இடம் கிடைத்து, அதை ஏற்ற பிறகுதான் பள்ளியின் ஆவணம் போகவேண்டும். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸிலும் மதிப்பெண்ணை நிரப்புவது மாணவர்தான். முதுநிலைக்குப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முதலில் ஸ்கேன் செய்த நகலையே கேட்கின்றன. ஆனால் நீங்கள் நிரப்பியதும் பிறகு பள்ளி அனுப்புவதும் ஓர் எண்கூட மாறக்கூடாது. பட்டப்படிப்பு முடித்தவர்கள் கவனிக்க: அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படித்திருந்தால், பட்டம் தந்த பல்கலைக்கழகத்தில்தான் முதலில் விசாரிக்கவேண்டும்.

மாற்றுச் சான்றிதழின் அசலை எந்த நாட்டுக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

நாள்கணக்குக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு ஜனவரி 1 கடைசி நாள். நமக்கோ அது அரையாண்டு விடுமுறை, பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும். நவம்பரிலேயே கேட்டு வாங்குங்கள். தேவகோட்டைக்காரர் வந்தபோது அவர்கள் தலைமை ஆசிரியர் சபரிமலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் பள்ளியைத் திறக்கச் சொல்லி, பள்ளியின் கணக்கிலிருந்தே டிரான்ஸ்கிரிப்டை ஏற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் விண்ணப்பித்திருந்தது காமன் ஆப் வழியாக, அதாவது பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம் வழியாக. அதில் பள்ளி நேராக இணையத்தில் ஏற்றுவதுதான் முறை. கிழித்து ஒட்டிய அந்தப் பழுப்பு உறையை அவளிடம் யாருமே கேட்டிருக்கவில்லை.