எல்.இ.டி.யின் காலிலேயே ரெசிஸ்டர்

பிள்ளைக்கு வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் முன், 5 மி.மீ. எல்.இ.டி. ஒவ்வொன்றின் நீளக் காலிலும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 470 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் (மஞ்சள், ஊதா, பழுப்புப் பட்டை) ஒன்றை சால்டர் செய்து (ஈயம் உருக்கி ஒட்டி) வைத்துவிடுங்கள். சூட்டுக்கோலை 3 நொடிக்கு மேல் வைக்க வேண்டாம், எல்.இ.டி. கெட்டுவிடும்.

சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் சட்டென்று கருகிவிடும். ரெசிஸ்டர் இருந்தால் மீதி 7 வோல்ட்டை அது வாங்கிக்கொள்வதால் மின்னோட்டம் 15 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. 5 வோல்ட் ஆர்டுயினோவிலும் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) இதே எல்.இ.டி. ஒளிரும். ரெசிஸ்டர் இருக்கும் கால்தான் பாசிட்டிவ் என்பதால் காலை வெட்டிய பிறகும் குழப்பம் வராது. பிள்ளை பயமில்லாமல் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். கற்றல் நடப்பதே அங்கேதான்.

நீலம், வெள்ளைக்கு 3 வோல்ட் வரை வேண்டும் என்பதால் இரண்டு பென்சில் பேட்டரியில் அவை மங்கிவிடும். 1 வாட் எல்.இ.டி.க்கு இது ஒத்துவராது. வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் ஒருபோதும் செருகக் கூடாது. ஓம் விதி (வோல்ட், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்குமான தொடர்பு) நடத்தும் நாளில் மட்டும் ரெசிஸ்டரைத் தனியாகக் கையில் கொடுங்கள்.