எடைமேடையை அலுவலகக் கணினியோடு இணைத்தல்: சீரியல்–ஈதர்நெட் சர்வர் நிறுவும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து மசாலாக் கிட்டங்கிகள் பலவற்றில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை வாசலருகே இருக்கும். பில் போடும் கணினியோ முற்றத்தைத் தாண்டி அறுபது, எண்பது மீட்டர் உள்ளே இருக்கும். எடைகாட்டியின் பின்புறத்தில் இருப்பது ஒன்பது ஊசி கொண்ட ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் ஒன்றுதான். அந்தக் கம்பியை ஏறத்தாழ 15 மீட்டருக்கு மேல் இழுத்தால் நம்ப முடியாது. ஈதர்நெட் செம்புக் கம்பியோ 100 மீட்டர் வரை தாங்கும். எடைகாட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சீரியல் டிவைஸ் சர்வரை, அதாவது சீரியல் தரவை ஈதர்நெட்டுக்கு மாற்றித் தரும் சிறு பெட்டியை, வைத்து, அங்கிருந்து ஈதர்நெட் கம்பியை அலுவலகத்துக்குக் கொண்டுசெல்வதே இதற்கு வழி.

இந்த வேலையில் நாள் முழுவதையும் விழுங்குவது பெரும்பாலும் வலையமைப்பன்று, சீரியல் பக்கமே. ஆகவே புதுப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன், ஒரு மடிக்கணினியையும் யூஎஸ்பி–சீரியல் கம்பியையும் எடுத்துக்கொண்டு எடைகாட்டியின் அருகில் உட்காருங்கள். டெர்மினல் மென்பொருள் ஒன்றில் எடை வரி ஒழுங்காக வரும்வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

திரையில் தெரிவதை வைத்தே கோளாற்றை ஊகிக்கலாம். முழுவதும் குப்பையாக வந்தால் பாட் வேகம், அதாவது தரவு அனுப்பும் வேகம், தவறு. 9600, 4800, 2400 என்று மாற்றிப் பாருங்கள். 0, 3, 5, 6, 9 ஆகிய எண்கள் மட்டும் சரியாகவும், 1, 2, 4, 7, 8 வர வேண்டிய இடங்களில் விநோதக் குறிகளும் தெரிந்தால், எடைகாட்டி ஏழு பிட், ஈவன் பாரிட்டி (பிழை கண்டறியச் சேர்க்கும் ஒரு கூடுதல் பிட்) முறையில் அனுப்புகிறது, நீங்கள் எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று படிக்கிறீர்கள் என்று பொருள். பழைய தராசுகளில் இது அடிக்கடி நேரும். எதுவுமே வராவிட்டால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்: அனுப்பும் ஊசியும் பெறும் ஊசியும், அதாவது 2ஆம் 3ஆம் ஊசிகள், எதிரெதிராகச் சேராமல் இருக்கலாம், அல்லது எடைகாட்டி தொடர்ந்து அனுப்பாமல், பிரிண்ட் பொத்தானை அழுத்தினாலோ கட்டளை வந்தாலோ மட்டும் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். சரியான அமைப்பு கிடைத்ததும் வேகம், பிட், பாரிட்டி, வரியின் இறுதியில் வரும் குறிகள் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பின்னர் நீங்கள் நிரப்பப்போவது இவற்றைத்தான்.

கம்பியிணைப்புக்கு 2, 3, 5 ஆகிய மூன்று ஊசிகளே பெரும்பாலும் போதும், ஐந்தாவது கிரவுண்ட். ஆர்எஸ்-232க்குப் பதிலாக ஆர்எஸ்-485 என்ற இரண்டு கம்பிச் சீரியல் இணைப்பு இருந்தால், அந்தக் கம்பிகளின் ஏ, பி பெயர்களை நம்பாதீர்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அவை தலைகீழாக இருக்கும். தரவு வராவிட்டால் முதலில் அவற்றை மாற்றிப் பாருங்கள். எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் தனித்தனி எர்த் இருந்தால், இடையில் மின்சாரம் கடத்தாத ஃபைபர் கம்பி போடுவதே நல்லது. இடிமழை நாளில் இரண்டு எர்த்துகளுக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு செம்புக் கம்பி வழியாகக் கருவிகளை எரித்துவிடக்கூடும்.

இனி வலையமைப்பு. மோக்ஸா நிறுவனத்தின் என்போர்ட் வகைப் பெட்டிகள் பலவும் 192.168.127.254 என்ற முகவரியோடு வருகின்றன. மடிக்கணினிக்குத் தற்காலிகமாக 192.168.127.10 என்ற முகவரியும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கும் கொடுத்தால், பிரவுசரில் அமைப்புப் பக்கம் திறக்கும். வேறு சில பெட்டிகள் ரூட்டரிடமிருந்து தாமே முகவரி பெற்றுக்கொள்ளும். அவற்றைத் தேடிப் பிடிக்கத் தயாரிப்பாளரின் மென்பொருள் வேண்டும். எதுவானாலும், இறுதியில் ரூட்டர் தானாக வழங்கும் முகவரி வரிசைக்கு வெளியே ஒரு நிலையான ஐபி முகவரியைக் கொடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றுங்கள். பெட்டியின் தரவு சாதாரண டிசிபி இணைப்பில் மறையாக்கமின்றிச் செல்வதால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையிலிருந்து எடையைப் பார்க்க வேண்டுமென்றால் ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாமல் விபிஎன் என்னும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாகவே பாருங்கள்.

அடுத்தது இயங்கும் முறை. பில் மென்பொருளுக்குக் காம் போர்ட் (கணினியின் சீரியல் போர்ட்) மட்டுமே தெரியுமென்றால், தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவி மெய்நிகர்க் காம் போர்ட் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருள் நேரடியாக டிசிபி இணைப்பைத் திறக்குமென்றால் டிசிபி சர்வர் முறை எளிது, டிரைவரும் வேண்டாம். என்போர்ட்டில் இதற்கான போர்ட் எண் 4001. வரியின் இறுதிக் குறிகளான 13, 10 இரண்டையும் (என்போர்ட்டில் ஹெக்ஸ் முறையில் 0D, 0A என்று) பிரிப்பான்களாகக் கொடுத்தால், எடை வரி பாதியில் உடையாமல் ஒரே பொட்டலமாகப் போய்ச்சேரும்.

பலரும் கவனிக்காமல் விடும் ஓர் அமைப்பு இங்கே உண்டு. 2023ஆம் ஆண்டில் நாள்தோறும் என்னும்படி வந்த லோட் ஷெட்டிங்கை, அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டை, நினைத்துப் பாருங்கள். பெட்டி யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். அலுவலகக் கணினி மட்டும் சட்டென்று அணைந்துவிடும். இணைப்பு முறையாக மூடப்படாததால், பழைய இணைப்பு உயிரோடிருப்பதாகவே பெட்டி கருதும். ஒரே நேரத்தில் ஓர் இணைப்பு மட்டும் என்பது வழக்கமான அமைப்பாதலால், மின்சாரம் வந்தபின் கணினி தட்டும்போது கதவு திறக்காது. எடைகாட்டி கெட்டுவிட்டது என்று ஆள் அனுப்பப்படுவது அப்போதுதான். இணைப்பு உயிரோடுள்ளதா என்று சோதிக்கும் கால அளவு என்போர்ட்டில் 7 நிமிடமாக வருகிறது. அதை 1 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். இணைப்பு எண்ணிக்கையை இரண்டாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இரண்டு கணினிகள் ஒரே தராசுக்குக் கட்டளை அனுப்பத் தொடங்கினால் வேறு குழப்பம் வரும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

சோதிக்கும்போது எடை தெரிந்த பொருளொன்றை ஏற்றி, எடைகாட்டியில் தெரியும் எண்ணும் கணினியில் வரும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பின்பு ஈதர்நெட் கம்பியை ஒரு நிமிடம் பிடுங்கிச் செருகுங்கள். அதன்பின் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் மின்செருகியையே பிடுங்கி, திரும்பப் போட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஓரிரு நிமிடத்துக்குள் யார் கையும் படாமல் எடை திரும்ப வர வேண்டும். வந்தால், அமைப்பைக் கோப்பாக ஏற்றுமதி செய்து சேமித்து, ஐபி முகவரியையும் பாட் வேகத்தையும் எழுதிய காகிதமொன்றைப் பெட்டியின் மூடிக்கு உட்புறமாக ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் இந்தக் கடற்கரை ஈரப்பதத்தில் நாளடைவில் உரிந்துவிடும்.